முக்காடு அண்ணனின் விலாசம்

தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தன் பெயருக்கு வந்த தபாலை நீட்டிய தபால்காரரிடமே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொன்ன ஆள் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். பாகூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முக்காடு அண்ணன். தபால்காரரும் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். "சரி, அவரு வந்தா குடுத்துடுபா" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைக்கு அவர் போர்டு வைக்கவில்லை. பேர் எழுதினால் யாருடைய கடை என்று தெரிந்துவிடுமாம். விளைவு என்னவென்றால், போர்டு வைத்த கடைகளையெல்லாம் விட்டுவிட்டு பாகூர் ஜனங்கள் இந்தக் கடையைத்தான் அடையாளம் சொன்னார்கள். "போர்டு இல்லாத கடைக்கு அடுத்த சந்து." "போர்டு இல்லாத கடைகிட்ட நில்லு, வந்துடறேன்."

பாண்டிச்சேரியில் பஸ் ஏறினால் பாகூருக்கு டிக்கெட் எடுக்க மாட்டார். அதைத் தாண்டியிருக்கும் ஏதோ ஓர் ஊருக்கு எடுத்து வைத்துக்கொண்டு, பாகூர் வந்ததும் திடீரென்று மனசு மாறியவர் மாதிரி இறங்குவார். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் அவருடைய சொந்த மச்சான். "இன்னா மாமா, வூட்டுக்குத்தான போற? அக்கா நெத்திலி வாங்கி வச்சிருக்குது, நேரா போய்ச் சேரு" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வழியனுப்பி வைப்பார்.

ஒருமுறை ஜுரம் என்று டாக்டரிடம் போனார். பேர் பதியும் இடத்தில் வழக்கம்போல வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நர்ஸம்மா "சுரேஷ்! சுரேஷ்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். நம் ஆளோ, தான் சுரேஷா ரமேஷா என்பது ஜுர வேகத்தில் மறந்துபோய், "யாருபா அந்த சுரேஷு, போய்த் தொலையேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சலித்துக்கொண்டார். டாக்டர் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்து, கொண்டுபோன ஜுரத்தோடு பத்திரமாக வீடு திரும்பினார்.

"இந்தாளு பேரே எனக்குத் தாலி கட்டும்போது ஐயரு மந்திரத்துல சொன்னப்பதான் தெரியும்" என்பார் அவர் மனைவி. அண்ணியிடம் கேட்டால் அண்ணனைப் பற்றி ராமாயணம் மாதிரி கதை வரும்.

இந்த வியாதி அவருக்கு இவ்வளவு முற்றியது ஓர் அரட்டை வலையால். இன்றைக்கு ஆளாளுக்குப் போனில் குழு வைத்து காலை வணக்கம் அனுப்புகிறோமே, அதற்கெல்லாம் பெரியப்பா முறை அது. படம் கிடையாது, குரல் கிடையாது, வெறும் எழுத்து. கம்ப்யூட்டரில் வரும் சொற்களைத் தமிழாக்குகிறவர்கள் கூடிப் பேச அதில் ஒரு சேனல் இருந்தது. சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் எல்லாம் வருவார்கள். யாராவது உள்ளே நுழைந்தால் திரையில் "இன்னார் வந்தார்" என்று ஒரு வரி வரும். அங்கேதான் வம்பு. அந்த வரியில், புனைபெயருக்குப் பக்கத்திலேயே, ஆள் எந்த இணைப்பிலிருந்து வருகிறார் என்ற விலாசமும் ஒட்டிக்கொண்டு வரும். ஐ.பி. நம்பர், இணைப்புக் கம்பெனியின் பேர், சில சமயம் ஊர்ப் பேர்கூட. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால், முதுகில் வண்ணான் குறி பெரிசாகத் தெரிகிற மாதிரி.

ஆரம்ப காலத்தில் அண்ணன் இதைப் பற்றி நினைக்கவே இல்லை. ஒருநாள் சேனலில் வந்த ஒருவரோடு, ஃபைல் என்பதைக் கோப்பு என்பதா ஆவணம் என்பதா என்று பெரிய சண்டை. அண்ணன் கோப்புக் கட்சி. எதிராளி வாதத்தில் தோற்றதும், வரியில் தெரிந்த ஐ.பி. நம்பரைப் பிடித்துக்கொண்டு, எங்கிருந்தோ கண்டதையும் மூட்டை மூட்டையாக அனுப்பிக் கடையின் இன்டர்நெட் இணைப்பை மூச்சுத் திணற வைத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட். கடை வாசலில் சுற்றுப்பட்டு ஊர்களின் தாய் தகப்பன்மார்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் ஓர் அம்மா, "எம்புள்ள பாஸா பெயிலான்னு சொல்ல வக்கில்ல, கோப்பாம் கோப்பு!" என்று கிழித்தார். அதை நினைத்தால் அண்ணனுக்கு இன்றைக்கும் காது சிவக்கும்.

விலாசத்தை மறைக்க அந்த வலையிலேயே வழி இருந்தது. புனைபெயரைப் பதிவு செய்து பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு, வலையை நடத்துகிறவர்களிடம் கேட்டால், நம்பருக்கும் கம்பெனிப் பேருக்கும் பதிலாகச் சும்மா ஒரு பொதுப் பேரை ஒட்டிவிடுவார்கள். இங்கிலீஷில் அதற்குக் க்ளோக் என்று பேர். தமிழில் மேலங்கி என்றார் சிங்கப்பூர்க்காரர். போர்வை என்றார் கனடாக்காரர். "அதெல்லாம் வேணாம்பா, முக்காடு. தலையிலேர்ந்து போட்டாத்தான் மூஞ்சி தெரியாது" என்றார் அண்ணன். சொல் நிலைத்தது. சொன்னவருக்கும் அதுவே பேராக நிலைத்தது.

ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. பாஸ்வேர்டைச் சொன்ன பிறகுதான் முக்காடு தலைக்கு வரும். அதற்குமுன் சேனலுக்குள் கால் வைத்துவிட்டால் நிஜ விலாசம் எல்லார் திரையிலும் விழுந்துவிடும். பிறகு அழிக்க முடியாது. "மொதல்ல முக்காடு, அப்புறந்தான் வாசப்படி" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அண்ணன் மந்திரம் ஓதுவார்.

எல்லாம் சரி. இப்படி விலாசத்தை மறைத்த மனுஷன், அதே சேனலில் என்ன பேசினார் தெரியுமா? "ஏரி ரொம்பி கலங்கல்ல தண்ணி வழியுதுபா, ஜனம் பூரா வேடிக்கை பாக்கப் போயிடுச்சு, இன்னிக்கு யாவாரமே இல்ல." "மூலநாதர் கோயில் தேரு, கரண்ட்ட நிறுத்திட்டானுங்க, வரேன்." பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை.

நானும் அந்தப் பக்கம்தான், கடலோரப் பூரணாங்குப்பம். படித்து முடித்துவிட்டு, வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். சேனலில் எனக்கு நிலா என்று பேர். ஏரி, கலங்கல், தேர் என்று அவர் எழுதுவதைப் படித்துவிட்டு ஒருநாள் தனியாக, "அண்ணா, நீங்க பாகூரா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், ஆள் காணாமல் போனார். ஒரு வாரம் சேனல் பக்கமே தலைகாட்டவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஏறி பாகூர் போனேன். டீக்கடையில், "இங்க கம்ப்யூட்டர் வச்சுக்கினு, பேரு கேட்டா சொல்லாம ஒருத்தரு..." என்று முடிக்கக்கூட இல்லை. நாலு கைகள் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கம் நீண்டன. ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, கடை வாசல்வரை கொண்டுவிட்டுப் போனார்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். லுங்கி, கண்ணாடி, தொப்பை. "எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"கேட்டேண்ணா. காட்டினாங்க."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பாத்தியா! ஐ.பி. நம்பரு பாண்டிச்சேரி வரைக்குந்தான் கூட்டிட்டு வரும். அங்கேர்ந்து வூட்டு வாசல் வரைக்கும் நம்ம ஜனங்களே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து வுட்டுடுவாங்க!"

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதம். பாகூர்ப் பக்கம் போனால் அண்ணி கையால் ஒரு காபி குடிக்காமல் வர மாட்டேன்.

இந்த நேரத்தில்தான் சேனலுக்கு கிங் என்ற புனைபெயரில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். சொற்களைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. நிலா யார், நிலாவுக்கு எந்த ஊர், நிலா ஏன் பதில் பேச மாட்டேன் என்கிறாள், இதுதான் ஆராய்ச்சி. அண்ணன் சேனலின் பொறுப்பாளர் என்பதால் அவனை வெளியே தள்ளினார். அவன் வேறு பேரில் வந்தான். மறுபடி தள்ளினார். மறுபடி வந்தான். நான் முக்காட்டுக்குள் இருந்ததால் பயமில்லாமல் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டர் திரும்ப உயிர் பெற்றதும், அந்த அரட்டை மென்பொருள் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, நான் பாஸ்வேர்டு சொல்வதற்கு முன்பே தானாக என்னைச் சேனலுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. திரையில் "நிலா வந்தார்". பக்கத்திலேயே நம்பர், கம்பெனி, பாண்டிச்சேரி என்று எல்லாம் பளிச்சென்று.

உடனே கிங்கிடமிருந்து தனியாக ஒரு செய்தி. "ஓ, பாண்டிச்சேரியா? போன வாரம் வாசல்ல மீன்காரம்மா வந்துட்டாங்க, அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்களே. அப்போ கடல் பக்கத்து ஊரு. ஞாயித்துக்கெழம பைக்குல வரேன். நாலு ஊருல விசாரிச்சா யாராவது காட்டுவாங்க."

அவன் சொன்னதில் அந்தக் கடைசி வரிதான் அசைக்க முடியாத உண்மை. எங்கள் ஊரில் எனக்குப் பேரே கம்ப்யூட்டர் பொண்ணுதான். யாராவது கேட்டால் பைக்குக்கு முன்னால் ஓடி வந்து வழி காட்டுவார்கள். எங்கள் நைனா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் இந்த வேலைக்குச் சம்மதித்திருந்தார். "வூட்ல உக்காந்து செய்யி, வேணாங்கல. ஆனா உன்னத் தேடிக்கினு எவனாவது வாசல்ல வந்து நின்னான், அன்னியோட ஒயரப் புடுங்கிடுவேன்." சொன்னால் செய்கிறவர். ஒயரைப் பிடுங்கிய மறுநாளே மாப்பிள்ளை பார்க்கவும் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் என் வேலை போச்சு.

அடுத்த பஸ்ஸில் பாகூர். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் சாமி வந்தவர்போல ஆடினார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மொதல்ல முக்காடு, அப்புறந்தான் வாசப்படின்னு! முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு இன்னாத்துக்கு?"

நான் அழுதுவிட்டேன். அண்ணி உள்ளேயிருந்து வந்து, "அது பயந்துபோய் வந்திருக்குது, நீ பழமொழி சொல்லிக்கினு இருக்கியா?" என்று அவரை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் அடங்கி, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவன் விலாசமும் தெரியுதும்மா. காலேஜ் லேப்லேர்ந்து வரான். காலேஜ் பேரே வரியில நிக்குது. காலேஜுக்கு எழுதிப் போட்டா ரெண்டு நாள்ல அவனப் புடிச்சிடுவாங்க. ஆனா யாருக்குத் தொல்ல குடுத்தான்னு கேப்பாங்க. உம்பேரச் சொல்லணும். சொல்லலாமா?"

"ஐயோ, வேணாண்ணா. வூட்டுக்குத் தெரிஞ்சிடும்."

கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். கடைசியில், "நிலாவா நான் உள்ள போறேன். பாஸ்வேர்டு அடி" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாத! யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நீயே அடி!" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அடித்து முடித்தபின், அவர் வந்து உட்கார்ந்து நிலாவின் முக்காட்டைக் கழற்றினார். கடை இணைப்பின் நிஜ விலாசம் சேனலில் எல்லார் முன்னாலும் வந்து விழுந்தது. அதே கம்பெனி, அதே பாண்டிச்சேரி. பஸ் நிறுத்தத்தில் வேட்டி அவிழ்ந்த ஆள் மாதிரி அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். "தம்பி கிங்கு, நான் பொண்ணு இல்லடா. நாப்பத்தி மூணு வயசு ஆம்பள. பாகூர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல போர்டு இல்லாத கடை. மீன் வாங்கினதும் நான்தான்." அதன்பின் தன் பேர், அப்பா பேர், தெரு, போன் நம்பர். தபால்காரரிடம்கூட ஒத்துக்கொள்ளாத அந்தப் பேரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். நல்ல பேர்தான். இவ்வளவு மறைக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

"ஞாயித்துக்கெழம வா. டீ சாப்புடலாம்" என்று முடித்தார்.

பிறகு கனடாக்காரர் எழுதினார்: "இது முக்காடு அண்ணன் பேசற மாதிரியே இருக்கே!"

அதை நாங்கள் யோசிக்கவில்லை. விலாசத்தை மாற்றலாம், பேச்சை எப்படி மாற்றுவது? அந்த 'கிங்கு'வும் 'இல்லடா'வும் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன. முக்காடு அண்ணன்தான் இத்தனை மாசமாக நிலா என்ற பேரில் பெண் வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அத்தனை பேரும் முடிவு கட்டினார்கள். "அண்ணே, உங்ககிட்ட இத எதிர்பாக்கல" என்றார் சிங்கப்பூர்க்காரர். வருஷக்கணக்காகச் சம்பாதித்த மரியாதை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்போது நிலா யார் என்று கேள்வி வரும். அண்ணன் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அண்ணி சொல்லித்தான் கேட்டேன். சொல்லும்போது சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. பையன் நிஜமாகவே வந்திருக்கிறான். ஒல்லியாக, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சென்ட் அடித்துக்கொண்டு. டீக்கடையில் கேட்டானாம். நாலு கையும் நீண்டதாம். கடை வாசலுக்கு வந்து, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "இங்க... நிலா..." என்று இழுத்திருக்கிறான்.

"நான்தான். உள்ள வா" என்றாராம் அண்ணன்.

பையனுக்கு உயிரே போய்விட்டது. டீ வந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை அண்ணன் ஜெராக்ஸ் எடுத்தார். பிறகு, "தம்பி, நீ மொத நாள் வந்ததுலேர்ந்து உங்காலேஜு பேரு உன் நெத்தியில ஒட்டியிருக்குது. நான் ஒரு வரி எழுதிப் போட்டா போதும். போடல. இனிமே எந்தப் பொண்ணுகிட்டயாவது ஊரு இன்னா, தெரு இன்னான்னு கேட்டன்னு வச்சுக்கோ, போட்டுடுவேன்" என்றாராம்.

பையன் காலில் விழாத குறை. கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "எனக்கும் அந்த முக்காட்டப் போட்டு வுடுங்கண்ணா" என்று கேட்டிருக்கிறான்.

"உனக்கு வேணாம். நீ யாருன்னு தெரிஞ்சே இரு. அப்பத்தான் ஒழுங்கா இருப்ப."

அதற்குப் பிறகு அவன் சேனலுக்கு வரவே இல்லை. நான் வேறு பேரில், முதலில் முக்காடு போட்டுக்கொண்டு, மறுபடி உள்ளே போனேன். ஒயர் பிடுங்கப்படவில்லை. அந்த வேலைதான் என்னை எழுத்துக்குக் கொண்டுவந்து விட்டது.

ஆனால் டீக்கடை சும்மா இருக்குமா? பையன் வந்து 'நிலா' என்று கேட்டது பாகூரைத் தாண்டி ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது நைனா சொன்னார்: "பாகூர்ல ஜெராக்ஸ் கடைக்காரன் ஒருத்தன் கம்ப்யூட்டர்ல பொம்பள பேர்ல பேசறானாமே. அந்தக் கடப்பக்கம் போவாத."

"அவரு ரொம்ப நல்லவரு நைனா" என்றேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

ரசம் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன். எனக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் நைனாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் முக்காடு அண்ணனிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"யாரோ ஒரு பெரியவரும்மா. ஒரு சாக்கு மல்லாட்டயக் கொண்டாந்து கடையில எறக்கினாரு. கையெடுத்துக் கும்புட்டாரு. நீங்க யாருங்கன்னு கேட்டா, பேரெல்லாம் இன்னாத்துக்குன்னு திரும்பிப் பாக்காம பஸ் ஏறிட்டாரு. டீக்கடையில நாலு பேரு யாருன்னு சொல்ல ஓடி வந்தானுங்க. வேணாம் போங்கடான்னுட்டேன். மனுஷன் மறைச்சுக்கணும்னு நெனக்கிறாரு, அந்த முக்காட்ட நாம எடுக்கலாமா?"

எங்கள் நைனா பெற்ற பெண்ணுக்கே வேர்க்கடலையை எண்ணித்தான் கொடுப்பார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எடுக்கக் கூடாதுண்ணா" என்றேன்.